மிஸ் டெவனியின் அட்டைகள்

அன்ரனெற்றுக்குப் பயம் புதிதில்லை. பல் துலக்குவது, தலை வாருவது மாதிரிப் பயப்படுவதும் அவளுக்கு அன்றாட வேலைகளில் ஒன்று. ரொறொன்ரோவுக்கு வந்து ஒன்றரை வருடமாகியும் அது அவளை விட்டபாடில்லை. சப்வே வாசலில் நிற்கிறவர் தொப்பி போட்டிருந்தால் பயம். தபால்காரர் கதவைத் தட்டினால் பயம். தலைக்கு மேலே ஹெலிகொப்ரர் போனால் நடைபாதையில் நின்ற இடத்திலேயே குந்திவிடுவாள். வருகிறவர்கள் சப்பாத்து நாடா கட்டுகிறாள் என்று நினைத்துக் கடந்து போவார்கள். இருபத்தொன்பது வயதுப் பெண் இப்படியா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், நான் நிற்கிறேன்.

1994 மார்ச் மாதத்தில் இந்தச் சில்லறைப் பயங்களுக்கெல்லாம் மேலே ஒரு பெரிய பயம் வந்து ஏறி உட்கார்ந்தது. பதினெட்டாம் திகதி வெள்ளிக்கிழமை அவளுடைய அகதி விசாரணை. ஆமி தன் தம்பி றொய்சனைப் பிடித்துக்கொண்டு போனது, அவன் திரும்பி வராதது, பிறகு தன்னையும் தேடி வந்தது எல்லாவற்றையும் அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். ஆனால் அத்தாட்சி என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. லோயர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் புனிதவதி தமிழில் சொன்னார்: "உங்கட சொல்லை அவை நம்பவேணும் பிள்ளை. அவ்வளவுதான் கேஸ்." நம்பாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேலை செய்கிற இடத்திலிருந்து, இவள் நேர்மையானவள், பொய் பேசாதவள் என்று ஒரு கடிதம் வந்தால் பெரிய உதவி என்றும் சொன்னார்.

வேலை செய்கிற இடம் என்றால் டன்ஃபோர்த் வீதிக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய செங்கல் வீடு. அங்கே மிஸ் டெவனி தனியாக இருந்தார். எழுபத்தெட்டு வயது, அயர்லாந்துக்காரி, பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் கட்டாதவர். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. மன்னாரில் கன்னியாஸ்திரிகளிடம் ரைப் அடிக்கப் பழகிய பிள்ளை என்று கஸ்பர் சொல்லித்தான் அன்ரனெற்றை வேலைக்கு எடுத்தார். மிஸ்ஸும் அன்ரனெற்றும் பூசைக்குப் போகிற மாதா கோயிலைக் கூட்டித் துடைக்கிற மனிதர் கஸ்பர். நல்லவர், ஆனால் வாய்க்குப் பூட்டு இல்லாதவர்.

வேலை இதுதான். ஐந்து பிஸ்கற் ரின்கள் நிறைய அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஐரிஷ் மொழிச் சொல் ஒன்று. அதைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் ரைப் அடிக்க வேண்டும். எல்லாம் இரண்டு சொல்லை ஒட்டிச் செய்த பெயரடைகள். காலும் வெறுமையும் சேர்ந்தால் 'கொஸ்நொக்தா', வெறுங்காலோடு இருக்கிற. இதயமும் உடைந்ததும் சேர்ந்தால் 'க்ரீவ்ரிஷ்ட', நெஞ்சுடைந்த. மென்மையும் இதயமும் சேர்ந்தால் 'பொக்ஹ்ரீயாக்', இளகிய மனசுள்ள. ஒட்டும்போது பின்னால் வருகிற சொல்லின் முதலெழுத்து பெரும்பாலும் மெலிந்துபோகும். எழுதும்போது அதற்குப் பக்கத்தில் ஒரு 'எச்' வந்து குந்தும். அதோடு விட்டார்களா? ஆண்பாலுக்கு ஒரு வடிவம், பெண்பாலுக்கு ஒன்று, பலருக்கு ஒன்று, உடைமை சொல்லும்போது வேறு, ஒன்றோடொன்றை ஒப்பிடும்போது வேறு. ஒரு சொல்லுக்குக் கீழே நாலைந்து வால்.

"எங்கள் மொழியில் நல்ல மனிதன், நல்ல பெண், நல்ல சனங்கள். 'நல்ல' இருந்த இடத்தை விட்டு அசையாது மிஸ்," என்று அன்ரனெற் ஒரு நாள் தன் கொன்வென்ற் இங்கிலீசில் சொன்னாள். மிஸ் டெவனி வாய்விட்டுச் சிரித்தார். "எங்களிடமும் சில சோம்பேறிகள் உண்டு. உயிரெழுத்தில் முடிகிறவை. நெஞ்சுடைந்த மனிதன், நெஞ்சுடைந்த பெண், நெஞ்சுடைந்த ஊர், எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம்தான்." அப்படியான அட்டை வந்தால் அன்ரனெற்றுக்குச் சந்தோசம். அடிக்கிற வேலை குறைவு.

ஒவ்வொரு அட்டையின் அடியிலும் ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு திகதி இருக்கும். இளவயதில் மிஸ் டெவனி சைக்கிளில் ஊரூராகப் போய்க் கிழவர் கிழவிகளின் வாயிலிருந்து பொறுக்கிய சொற்கள் அவை. சொல் தந்தவரின் பெயரை எழுதாமல் விடுவது களவு என்பார். பாதிக்கு மேல் எந்த அகராதியிலும் கிடையாதாம். எட்டு மாதத்தில் இரண்டு ரின் அடித்து முடிந்திருந்தது. சொற்களை அடிக்கும்போது ஒன்றுமில்லை; அந்தப் பெயரும் ஊரும் திகதியும் வரும்போதுதான் அவளுக்கு விரல் நுனி குளிரும்.

இதற்கிடையில் கஸ்பர் வேறு வாயை வைத்தார். "தங்கச்சி, உந்த ஐரிஷ்காரருக்கும் இயக்கம் இருக்குத் தெரியுமோ? குண்டு வைக்கிறவை. மனுசி உன்னைக்கொண்டு என்னத்தை எழுதுவிக்குது எண்டு பாத்து எழுது." சொல்லிவிட்டு அவர் தன்பாட்டில் சிரித்துக்கொண்டு போய்விட்டார். கேட்டவள் சிரிக்கவில்லை. விளையாட்டுக்குச் சொல்கிற சொல் யார் காதில் விழுகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டாமா இந்த மனிதர்?

பத்தாம் திகதி வியாழக்கிழமை மிஸ் டெவனிக்கு வலது கண்ணில் சத்திரசிகிச்சை. பக்கத்து வீட்டுப் பெண்மணி காலையிலேயே காரில் கூட்டிக்கொண்டு போனார். "நாளைக்கு உன் கடிதத்தை எழுதுவோம்," என்று சொல்லிவிட்டுத்தான் மிஸ் போனார். அன்ரனெற் கணப்பில் விறகை மூட்டிவிட்டு மூன்றாவது ரின்னைத் திறந்தாள்.

பதினொரு மணியிருக்கும். முன்கதவில் மூன்று தட்டு. திரைச்சீலையை ஒரு விரல் அகலம் விலக்கிப் பார்த்தாள். சீருடை, தொப்பி, இடுப்பில் துவக்கு. தரையில் விழுந்து தவழ்ந்து மேசைக்குக் கீழே போனாள். பொலிஸ்காரர் இன்னொரு தரம் தட்டிப்பார்த்துவிட்டுப் படியிறங்கி அடுத்த வீட்டுப் பக்கம் போனார். அவர் போய்விட்டார் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். வீட்டைச் சுற்றி வளைக்கிறார்கள் என்றுதான் அவளுக்குப் பட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று பழமொழி சொல்லுவது சுகம். அரண்டது எதனாலே என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நாலு வருடத்துக்கு முந்தி, மன்னார்க் கரையில் அவளுடைய ஊர்க் கோயில் திருநாள். மாதா சிலை வைத்த கூட்டைத் தூக்க இளந்தாரிகள் பதினொரு பேர். யார், எந்த ஒழுங்கை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை தோள் கொடுப்பது என்று ஒரு கொப்பித் தாளில் கோடு போட்டு எழுதியவள் அன்ரனெற். அவளுடைய எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று ஊரில் எல்லா எழுத்து வேலையும் அவளிடம்தான் வரும். ஆமி வருகிறது என்று தெரிந்ததும் சனம் வழக்கம்போல வீட்டிலுள்ள காகிதங்களை அடுப்பில் போட்டது. அவளும் போட்டாள், கடிதம், படம், பழைய கொப்பி எல்லாம். அந்த ஒரு தாளை மட்டும், கோயில் தாள்தானே என்று தையல் மெசின் லாச்சியிலேயே விட்டுவிட்டாள். ஆமிக்காரர்களோடு வந்த ஒருவன் அதை வாசித்துச் சொன்னான். பெயர், ஒழுங்கை, நேரம். இயக்கத்துக்குக் காவல் நிற்கிறவர்களின் பட்டியல் என்று முடிவுகட்டினார்கள். வீடு வீடாகப் போய்ப் பதினொரு பேரையும் ட்ரக்கில் ஏற்றினார்கள். ஏழாவது பெயர் றொய்சன், பத்தொன்பது வயது. ஒருவரும் திரும்பி வரவில்லை. தாளை எழுதியது யார் என்று அவள் இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை, விசாரணைக்குக் கொடுத்த வாக்குமூலத்திலும் எழுதவில்லை.

இப்போது அவள் தலைக்கு மேலே, மேசையில், நூற்றுக்கணக்கான பெயர்கள். பெயர், ஊர், திகதி. அவள் எழும்பவில்லை, கையை மட்டும் நீட்டி மூன்றாவது ரின்னை இழுத்தாள், கணப்புக்குத் தவழ்ந்து போனாள். கட்டாகப் போட்டால் நடுவில் எரியாது. பிரித்துப் பிரித்து, ஒவ்வொரு பிடியாக, காற்றுப் போகிற மாதிரிப் போட வேண்டும். சாம்பலைக் கிளறி எழுத்துத் தெரியாமல் உடைக்க வேண்டும். இதையெல்லாம் எங்கள் சனத்துக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. மூன்றாவது ரின் முடிந்து நாலாவதும் முடிந்தது. கண்ணீரும் புகையுமாக ஐந்தாவதைத் திறந்தபோது திரும்பவும் மூன்று தட்டு. இனித் திறக்காவிட்டால் கதவை உடைப்பார்கள் என்று நினைத்துப் போய்த் திறந்தாள்.

"நோ பேப்பர்ஸ், சேர்," என்றாள் முதல் வார்த்தையாக. "நோ பேப்பர்ஸ் இன் திஸ் ஹவுஸ்."

பொலிஸ்காரர் ஒரு இளைஞர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முழிசினார். நேற்று மாலை இந்தத் தெருவில் நின்ற நீலக் கார் ஒன்றை யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டார்கள், ஏதாவது கண்டீர்களா, சத்தம் கேட்டதா என்றார். இல்லை என்று தலையாட்டினாள். "அம்மா, உங்களுக்கு ஒன்றுமில்லையே? சுகமாகத்தானே இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அதற்கும் தலையாட்டினாள். நன்றி சொல்லிவிட்டுப் போனார். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம்கூட இல்லை.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியவள் கணப்பைப் பார்த்தாள், வெறும் ரின் இரண்டையும் பார்த்தாள். "ஐயோ மாதாவே, நான் என்ன செய்தன்," என்று அந்த இடத்திலேயே இருந்துவிட்டாள்.

பின்னேரம் மிஸ் டெவனி வலது கண்ணில் கட்டோடு வந்து சேர்ந்தார். இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரியும். "நெருப்பை நல்லாய் மூட்டியிருக்கிறாய், வீடு கதகதவென்று இருக்கிறது," என்றார். அன்ரனெற் ரின்களை மூடி முன்பிருந்த வரிசையிலேயே வைத்திருந்தாள். "யெஸ் மிஸ்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

நேரே கோயிலுக்குத்தான் போனாள். கஸ்பர் வாங்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பொலிஸ் வந்ததையும் அட்டையை எரித்ததையும் சொன்னாள். கொப்பித் தாளின் கதையைச் சொல்லவில்லை. கஸ்பர் தலையில் கையை வைத்தார்.

"விசரே உனக்கு? நான் பகிடிக்கெல்லோ சொன்னனான்!"

"என்ன செய்யிறது இப்ப, அண்ணை?"

"மனுசிக்குக் கண் தெரியுமோ இப்ப?"

"ஒரு கிழமைக்குக் கட்டு."

"அப்ப வாயைத் திறவாத. முதல்ல கடிதத்தை வாங்கு. ஹியரிங் முடியட்டும். பிறகு சொல்லுறதைப் பாப்பம். உனக்கு உயிர் பெரிசோ, அட்டை பெரிசோ?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற யோசனைதான். ஆனால் ஒரு கிழமைக்கு மறைத்தால் போதுமே என்று அவளுக்கும் பட்டது. அவள் நிலையில் உங்களுக்கும் பட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை மிஸ் டெவனி சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு கடிதத்தைச் சொல்லச் சொல்ல, அன்ரனெற் ரைப் அடித்தாள். தன்னைப் பற்றித் தானே அடிக்கிற கடிதம். இவர் எட்டு மாதமாக என்னிடம் வேலை செய்கிறார். நேரம் தவறாதவர். கருமமே கண்ணானவர். மிஸ் கொஞ்சம் நிறுத்தி யோசித்துவிட்டு அடுத்த வரியைச் சொன்னார்: "என் வாழ்நாள் உழைப்பை நான் இவர் கையில் கொடுத்தேன். ஒரு அட்டைகூடத் தவறியதில்லை."

'ஒரு' வரை அடித்தாள். அதற்கு மேல் விரல் போகவில்லை. போ போ என்று தன்னைத்தானே அதட்டிப் பார்த்தாள். இந்த வரியை அடித்து, கையெழுத்து வாங்கி, அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை மேசையில் வைத்து, இவள் பொய் பேசாதவள் என்று அந்தக் காகிதமே சொல்லப்போகிறது.

"ஏன் நிறுத்திவிட்டாய்?" என்றார் மிஸ்.

அப்போது சொன்னாள். மூன்றாவது ரின், நாலாவது ரின், பொலிஸ்காரர், கணப்பு. சொல்லத் தொடங்கியவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை. கூடு, கொப்பித் தாள், தையல் மெசின், பதினொரு பேர், ஏழாவது பெயர் எல்லாம் வந்து விழுந்தன. எழுதியது நான், எழுதியது நான் என்று இரண்டு தரம் சொன்னாள்.

மிஸ் டெவனி எழுந்தார். சுவரைத் தடவித் தடவிக் கணப்புக்குப் போய், முழந்தாளிட்டு, இரண்டு கையையும் ஆறிய சாம்பலுக்குள் விட்டார். அளைந்து பார்த்தார். ஒரு மூலைகூட மிஞ்சவில்லை. தன் மொழியில் ஒரு சொல்லைச் சொன்னார், கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றைச் சொன்னார், மூன்றாவது வாயில் வரவில்லை. "ஒரு கிழவி எனக்குச் சொன்னாள், கடலிலிருந்து வீடு திரும்புகிறவனின் முகத்துக்கு ஒரு சொல். அவளைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது," என்றார். பிறகு கரிக் கையால் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து அந்தச் சொல்லைத் தேடினார். நெற்றியில், கண்ணில் கட்டிய துணியில், கன்னத்தில் எல்லாம் கரி.

"வீட்டுக்குப் போ," என்றார்.

"மிஸ்..."

"போ என்றேன்."

கடிதமும் இல்லை, வேலையும் இல்லை. அடுத்த ஒரு கிழமை அன்ரனெற் என்ன பாடுபட்டாள் என்று நான் விவரிக்கப்போவதில்லை. சாப்பாடு இறங்கவில்லை. ரெலிபோன் அடித்தால் எடுக்கவில்லை. மனுசி பொலிசுக்குச் சொல்லியிருக்கும், விசாரணைக்காரருக்கு எழுதிப்போட்டிருக்கும் என்று நிமிடத்துக்கொன்று நினைத்தாள்.

இரண்டாவது நினைப்பு பாதி சரி. பதினெட்டாம் திகதி காலை, விசாரணை அறைக்கு வெளியே, லோயர் ஒரு கடித உறையோடு நின்றார். முதல்நாள் மிஸ் டெவனி கஸ்பரைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்து அனுப்பியது. கட்டவிழ்த்த ஒற்றைக் கண்ணோடு தானே தட்டிய கடிதம், வரிக்கு நாலு எழுத்துப்பிழை. லோயர் அதை வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏதோ சொல்ல, புனிதவதி தமிழில் சொன்னார்.

"பிள்ளை, இதில நல்லதும் இருக்கு, கூடாததும் இருக்கு. நீங்கள் எரிச்ச கதை இருக்கு. லிஸ்ற் எழுதினது நீங்கள் எண்டும் இருக்கு. உங்கட வாக்குமூலத்தில அது இல்லை. குடுத்தா, ஏன் மறைச்சனீங்கள் எண்டு கேப்பினம். பொய்க்காரி எண்டும் நினைக்கலாம். குடுக்காமலும் விடலாம், லோயர் உங்களைத்தான் முடிவெடுக்கச் சொல்லுறார்."

"மிஸ் என்ன எழுதியிருக்கிறா?"

புனிதவதி வாசித்துச் சொன்னார். அன்ரனெற் சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"குடுங்கோ," என்றாள்.

முடிவை நான் முதலே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு மனம் அதிலேயே நிற்கும். அவள் கனடாவிலேயே இருக்கலாம் என்று அன்றைக்கே சொன்னார்கள். நான் சொல்ல வந்தது அது அல்ல.

விசாரணை அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களில் மூத்தவர், நரைத்த தாடிக்காரர், கொப்பித் தாளைப் பற்றிக் கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்துவிட்டு, கடிதத்தின் மற்றப் பகுதியைச் சத்தமாக வாசித்தார். புனிதவதி பின்னால் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"இந்தப் பெண் எண்ணூற்றுப் பதினாறு அட்டைகளை எரித்தார். அவற்றில் இருந்த சொற்களில் பாதிக்கு மேல் இனி எங்கும் இல்லை. நான் இவரை மன்னிக்கவில்லை, மன்னிப்பேன் என்று வாக்குத் தரவும் முடியாது. ஆனால் நேர்மையைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்கிறார்கள். அன்றைக்கு எனக்குக் கண் தெரியாது. இவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். நல்ல கடிதம் ஒன்று பாதி ரைப் அடித்தபடி மெசினில் இருந்தது. இன்னொன்று. பொலிஸ் வந்தபோது என் வீட்டின் பின்கதவு பூட்டியிருக்கவில்லை. தன்னைப் பிடிக்க வந்தார்கள் என்று நினைத்திருந்தால் இவர் அந்த வழியாக ஓடியிருப்பார். ஓடவில்லை. இருந்து எரித்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை, கோபத்தில் அனுப்பிவிட்டேன். நீங்கள் கேளுங்கள்."

தாடிக்காரர் கடிதத்தை மேசையில் வைத்தார். கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார். அவர் கேட்டதைப் புனிதவதி சொன்னார்: "பின்கதவு திறந்திருந்தது உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"ஏன் ஓடேல்லை?"

அன்ரனெற்றுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. புனிதவதியின் முகத்தைப் பார்த்தாள், தாடிக்காரரின் முகத்தைப் பார்த்தாள். இதைக்கூடவா கேட்பார்கள் என்று நினைத்தாள்.

"அட்டையில ஆக்களின்ர பேர் இருந்தது ஐயா," என்றாள். "ஊரும் இருந்தது. நான் ஓடினா அவையளை ஆர் பாக்கிறது?"

புனிதவதி இருபது வருடமாக மொழிபெயர்க்கிறவர். அதை இங்கிலீசில் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.